முதலைமூக்கு மீனும் மூன்றாம் பக்கத்துக் கடைசி வரியும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

(அன்பு என்பது கடித முறைக்காகப் போட்டது. உள்ளே தேடாதே.)

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா சௌக்கியம். நானும் உயிரோடு இருக்கிறேன். அதில் உன் பங்கு எதுவுமில்லை என்பதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன், மளிகைக் கடைச் சீட்டில் விட்டுப்போன ஒற்றுகளைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக வீட்டில் இருந்தேன். "இப்படியே உக்காந்திருந்தா அக்கா உங்கள வெளிய தள்ளிக் கதவச் சாத்திடுவா அத்தான், ஏதாவது பொழுதுபோக்கு பிடிங்க" என்று போனில் ஆரம்பித்தது நீ. யாரோ கண்ணாடித் தொட்டியில் வளர்த்து, தொட்டிக்கு அடங்காமல் போனதும் எங்கள் ஏரியில் கொண்டுவந்து கொட்டிய முதலைமூக்கு மீன் பெருகி, மற்ற மீனையெல்லாம் தின்று தீர்க்கிறது, யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று ஏரிக் காவலர் பலகை வைத்திருக்கிறார் என வாய்தவறி உளறியது நான். மறு வாரமே தூண்டில் கழி வந்தது, சக்கரம் வந்தது, பல்லுக்கு அறாத எஃகுக் கம்பி வந்தது, கூடவே உன் கைப்பட நாலு பக்கம் செய்முறை விளக்கம். விளக்கமா அது? முதல் பக்கத்திலேயே பத்தொன்பது சந்திப்பிழை. கை சும்மா இருக்குமா? சிவப்பு மையால் முழுவதையும் திருத்திய பிறகுதான் ஏரிக்கே கிளம்பினேன்.

"அதன் மூக்கு முழுக்க எலும்பு, முள் ஏறாது, இரையைக் கவ்வியதும் இழுக்காமல் ஓட விடவும்" என்று எழுதியிருந்தாயே, எவ்வளவு தூரம் ஓட விடுவது என்று எழுதினாயா? தக்கை முங்கியது. ஓட விட்டேன். மீன் மதகு வரை போயிற்று. சக்கரத்தில் இருந்த நூல் மெலிந்துகொண்டே வந்தது. காவலர் எதிர்க்கரையிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"ஐயா, இழுங்க!"

"இழுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு!"

"எழுதுனவரு இங்க இருக்காரா? இழுங்கய்யா!"

இழுத்தேன். அதுவும் இழுத்தது. நாற்பது நிமிடம். மடக்கு நாற்காலி ஏரிக்குள் போனது, வலதுகால் செருப்பு போனது, இடுப்பு இருக்கிறதா இல்லையா என்று இன்றுவரை சந்தேகம். கடைசியில் காவலர் கயிற்றில் சுருக்குப் போட்டுக் கரையேற்றினார். நிமிர்த்திப் பிடித்தால் என் மார்பு வரை வரும். வாய்க்குள் மேலே இரண்டு வரிசைப் பல். என்னை ஒரு பார்வை பார்த்தது பார், பழைய முதலாளிகூட அப்படிப் பார்த்ததில்லை.

ஈரச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, செத்துவிட்டது என்று நம்பிக் குளியலறையில் போட்டுவிட்டு நான் படுத்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கைகழுவப் போன உன் அக்கா, "என்னங்க! இது மூச்சு விடுதுங்க!" என்று வாளியோடு வெளியே பாய்ந்தாள். காற்றையும் குடித்து வாழும் என்று இரண்டாம் பக்கத்தில் சொன்ன நீ, மணிக்கணக்காகக் குடிக்கும் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் குறைந்தா போயிருப்பாய்? ஒருவழியாக அது அடங்கிய பின் அறுக்கப் போனால் கத்தி வளைந்தது. செதிலா அது, தகடு! பக்கத்துப் பட்டறையில் தகரம் வெட்டும் கத்தரி இரவல் வாங்கித்தான் வயிற்றைத் திறந்தேன். உள்ளே பச்சை நிறத்தில் கொத்துக் கொத்தாகச் சினை.

"இதச் சாப்பிடலாமா?" என்றாள் உன் அக்கா.

"கண்டிப்பா உண்ணலாம்னு உன் தம்பியே எழுதியிருக்கான்."

வறுத்தாள். தட்டில் போட்டாள். நான் கரண்டியை வாய்க்கு அருகே கொண்டுபோய்விட்டேன். அப்போது வாசலில் சைக்கிள் விழுந்த சத்தம். "ஐயா! அது வயிறு பெருத்த மீனு! சினையத் தொட்டுடாதீங்க, விஷம்!" என்று காவலர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். கரண்டியைத் தட்டிவிட்டது உன் அக்கா. தட்டையும் தட்டிவிட்டாள். அவர் ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்திருப்போம். இதை எழுதும்போதும் பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிறது. பயத்தால் இல்லை, உன்மேல் உள்ள கோபத்தால்!

உன் அக்கா உன் செய்முறை விளக்கத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இந்த ம் யாரு போட்டது? செவப்பா இருக்கு?" என்றாள். நான்தான் போட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. மூன்றாம் பக்கத்துக் கடைசி வரியில் "சினையைக் கண்டிப்பாக உண்ணலா" என்று மொட்டையாக நிறுத்தியிருந்தாய். ஈற்றெழுத்து விட்டுப்போனால் சேர்ப்பது என் தொழில். நாலாம் பக்கம் "காது" என்று தொடங்கியது. மீனுக்கு ஏது காது என்று அதை அடித்துவிட்டேன். படித்த எவனும் அதைத்தான் செய்வான்! ஒரு சொல்லை இரண்டு பக்கத்துக்குப் பிய்த்துப் போட்டது நானா, நீயா? இதைச் சொன்னால் உன் அக்கா தலையில் அடித்துக்கொள்கிறாள். காவலர் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரிக்கிறார்.

ஆகவே இத்துடன் எனக்கும் மீனுக்கும் தீர்ந்தது. இனி தூண்டில் என்ற பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுவேன். உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். உனக்கு எவ்வளவு என்பதை யோசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உயிர்தப்பிய அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் காவலர் வந்தார். வடகரையில் இதைவிடப் பெரியது ஒன்று தலைகாட்டியதாம். "உங்களுக்கு முடியலன்னா உங்க தெருக்கோடித் தச்சர் வர்றேங்குறாரு" என்கிறார். தச்சரா! அவருக்கு ஒரு முடிச்சு ஒழுங்காகப் போடத் தெரியுமா? மேலும், உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அந்த நாற்பது நிமிடமும் அச்சகத்தின் ஞாபகம் ஒருமுறைகூட எனக்கு வரவில்லை. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து சேர், இன்னும் தடித்த கம்பி கொண்டு வா. உன் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுருக்குப் போடுவது இனி அவள் வேலையாம், வாசலில் நின்று "கடுதாசி எங்கயும் ஓடாது, மீனு ஓடிடும், வாங்க!" என்று கத்துகிறாள், ஒரு முற்றுப்புள்ளி வைக்கக்கூட விடமாட்டேன் என்கி