மசாஜ் மேசையில் மைனஸ் டீச்சர்

பெருமதிப்பிற்கும் பெருங்கோபத்திற்கும் உரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வாலு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமில்லை. என்னால் இன்னொருவரும் நலமில்லை. அங்கே பயிற்சியில் இருக்கும் நீங்கள், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையாவது நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் என்றால் பாதியிலேயே திட்டத் தொடங்கிவிடுவீர்கள். கடிதத்தை எவ்வளவு திட்டினாலும் எனக்குக் கேட்காது.

விஷயத்துக்கு வர மனசில்லை, இருந்தாலும் வருகிறேன். நீங்கள் ஹாட் ஸ்டோன் மசாஜ் கற்றுக்கொள்ளக் கிளம்பும்போது, பள்ளி விட்டதும் உங்கள் மசாஜ் நிலையத்தில் வந்து உட்காரவும், போன் வந்தால் “அடுத்த வாரம் வாங்க” என்று மட்டும் சொல்லவும் சொன்னீர்கள். அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை அழுத்திச் சொன்னீர்கள். டீப் டிஷ்யூ அழுத்தம். முதலில் அப்படித்தான் செய்தேன். பிறகு ஒருவர் போன் செய்து, எந்த மசாஜ் எதற்கு நல்லது என்று கேட்டார். சுவரில் நீங்கள் மாட்டியிருக்கும் பலகையைப் பார்த்து உங்கள் குரலிலேயே ஒப்பித்தேன். ஸ்வீடிஷ் என்றால் நீளநீளமாக நீவிவிடுவது, உடம்பு தளர்ந்து நல்ல தூக்கம் வரும். டீப் டிஷ்யூ என்றால் ஆழத்தில் இறுகிக் கிடக்கும் தசை முடிச்சை அழுத்தி இளக்குவது. ரிஃப்ளெக்ஸாலஜி என்றால் பாதத்தை அமுக்கினால் தலைபாரம் இறங்குவது. அதோடு நிறுத்தியிருக்கலாம். தாய் மசாஜ் எப்படி என்றார். அது அம்மா கொடுப்பது, முதுகில்தான் விழும், பலன் உடனே தெரியும் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அதையே முன்பதிவு செய்துவிட்டார். வந்ததும் அவரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சில்லறைக் குற்றம். பெரியது இனிமேல்தான். நேற்று சாயங்காலம் நான் மசாஜ் அறைத் திரைக்குப் பின்னால் துண்டு மடித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் “யாரும் இல்லையா?” என்று ஒரு குரல். அந்தக் குரல் கேட்டால் எனக்குத் தூக்கத்திலும் பெருக்கல் வாய்ப்பாடு வந்துவிடும். எங்கள் கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தாலும் ஒரு வரி விட்டுப்போனால் மார்க்கைக் கழிப்பதால் வகுப்பில் அவருக்கு மைனஸ் டீச்சர் என்று பெயர். வைத்தது யார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என நம்புகிறேன். “அடுத்த வாரம் வாங்க” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் அத்தை, சத்தியமாக. உங்கள் குரலில் வெளியே வந்தது என்னவோ, “உள்ளே வாங்கம்மா, மேசையில குப்புறப் படுங்க, இதோ வரேன்” என்பதுதான். என் வாய் என்னிடம் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை. நான் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். வலது தோள்பட்டை தூக்கவே வரவில்லை, தோளை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே அவர் உடுத்திய உடையோடு ஏறிப் படுத்துவிட்டார். மேசையில் முகம் வைக்கிற அந்த ஓட்டையில் முகத்தை வைத்துவிட்டால் தரையைத் தவிர ஒன்றும் தெரியாது, அதனால்தான் கூச்சப்படுகிறவர்கள்கூடப் படுத்ததும் மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அந்தத் தைரியத்தில்தான் போனேன். அவசரத்தில், அறைக்குள் வெறுங்காலோடுதான் நுழைய வேண்டும் என்ற உங்கள் விதியையும் மறந்து, பச்சை லேஸ் கட்டிய பள்ளி ஷூவோடே போய்விட்டேன். அதற்கும் இதிலேயே சேர்த்து மன்னிப்பு.

கால் உளைச்சலுக்கு நீங்கள் வைத்திருக்கும் புதினா களிம்பு இருக்கிறதே, கொஞ்சம் தொட்டாலே கண்ணில் தண்ணீர் வருமே, அதில் ஒரு கை அள்ளி அவர் தோளில் அப்பினேன். குதிப்பார் என்று நினைத்தேன். அவர் “அப்பாடா” என்றார். அத்தை, நான் செய்த குறும்பு ஒருவருக்கு இதமாக இருந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. சரி, வந்தது வந்தோம் என்று ஸ்வீடிஷில் ஆரம்பித்து, நடுவில் ஓடிப்போய்ப் பாதத்தில் ரிஃப்ளெக்ஸாலஜி செய்து, திரும்ப வந்து டீப் டிஷ்யூவில் கை முட்டியை ஊன்றினேன். ஆழத்தில் இருப்பது வெளியே வரும் என்று பலகையில் போட்டிருக்கிறீர்கள். வந்தது. எப்படி இப்படிப் பிடித்துக்கொண்டது என்று உங்கள் குரலில் கேட்டதுதான் தாமதம், அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“போர்டுல கீழ்ப் பாதி பூரா யாரோ மெழுகுவத்தியைத் தேய்ச்சு வெச்சிருக்காங்க. சாக்பீஸ் வழுக்குது. ஆயாம்மா சோப்புப் போட்டுத் தேய்ச்சும் போகல. அதனால எல்லாக் கணக்கையும் மேல் பாதியிலயே எழுதறேன். கையைத் தூக்கித் தூக்கி இப்படி ஆயிடுச்சு.”

என் முட்டி அங்கேயே நின்றுவிட்டது. அந்த யாரோ யார் என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஒரே ஒரு வகுப்பு சாக்பீஸ் வழுக்கி எல்லாரும் சிரிப்போம் என்றுதான் தேய்த்தேன். சிரித்தோம். அடுத்த நாளிலிருந்து அவர் மேலே எழுத ஆரம்பித்தார், எங்களுக்கு அலுத்துப்போனது, நான் மறந்தே போனேன். அவர் தோள் மறக்கவில்லை.

புது போர்டு கேட்க வேண்டியதுதானே என்றேன். உங்கள் குரல் என் தொண்டையில் சரியாக நிற்கவில்லை.

“கேட்டா, யாரு செஞ்சதுன்னு விசாரிப்பாங்க. எனக்குத் தெரியும். ஒருத்தி இருக்கா, வாயும் கையும் சும்மா இருக்காது. ஏற்கெனவே அவளைக் கூப்பிட்டுக் கடைசி எச்சரிக்கை கொடுத்தாச்சு. இதையும் சொன்னா அனுப்பிடுவாங்க. கணக்கு நல்லா வரும் அவளுக்கு. வரலைன்னு நடிக்கிறா.”

இந்தக் கை சரியாகவில்லை என்றால் இந்த வருடத்தோடு வகுப்பெடுப்பதையே விட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதை ‘நாளைக்கு டெஸ்ட்’ என்று சொல்வதைப் போல நிதானமாகச் சொன்னார்.

அதன் பிறகு நான் வேடிக்கை எதுவும் செய்யவில்லை. முடிச்சோடு மல்லுக்கட்டக் கூடாது, கட்டைவிரலை அதன்மேல் வைத்துக் காத்திருந்தால் மூச்சு வெளியே போகும்போது அதுவே இடம் கொடுக்கும் என்று அப்பாவின் தோளை வைத்துச் சொல்லிக்கொடுத்தீர்களே, அதை மட்டும் செய்தேன். இடம் கொடுத்ததா, அல்லது பயந்து ஒளிந்துகொண்டதா என்று எனக்குத் தெரியாது. “முடிஞ்சுது, எழுந்திருங்கம்மா” என்று உங்கள் குரலில் சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் ஓடினேன். டீச்சர் எழுந்து உட்கார்ந்து கையைத் தூக்கிப் பார்த்தார். காது வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. திரை மறைவில் நின்று பார்த்தேன். அந்தக் கை காதோடு நின்றதும் எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. களிம்பு என் கண்ணில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் அத்தை, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். சீக்கிரம் வந்து அந்தத் தோளை நீங்கள் சரியாகப் பாருங்கள். நான் ஏதாவது கெடுத்து வைத்திருந்தால் அதையும் பாருங்கள். அதற்குப் பிறகு என்னை உங்கள் நிலையத்து வாசற்படி மிதிக்கக் கூடாது என்றாலும் சரி, திண்டாடுவேன், ஆனால் சரி. உங்கள் ஆறுதலுக்கு இரண்டு விஷயங்கள் மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். முட்டியை ஊன்றியது நான்தான் என்று டீச்சருக்கு இன்றுவரை தெரியாது, ஆகவே உங்கள் பெயர் கெடவில்லை. இரண்டாவது, தொட்டால் கை இருக்காது என்று சொல்லிவிட்டுப் போன அந்தப் புது ஹாட் ஸ்டோன் கற்களை நான் தொடவில்லை. பெட்டியில் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன.

பயிற்சி நல்லபடி முடிந்து, கையில் சூடும் மனதில் குளிர்ச்சியுமாக நீங்கள் திரும்பி வர வேண்டும். அப்பா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். எதைப் பற்றி என்று அவருக்கு இன்னும் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும்.

இப்போதைக்கு வாலைச் சுருட்டி வைத்திருக்கும்,
உங்கள் வாலு

பி.கு.: மேலே உள்ள இரண்டு சத்தியங்களையும் தயவுசெய்து அடித்துவிடவும். கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் இன்று காலை எல்லாம் மாறிவிட்டது. சூடு பட்டால் மெழுகு உருகும், காகிதம் உறிஞ்சிக்கொள்ளும் என்று ராத்திரி படுக்கையில் தோன்றியது. உங்கள் கற்களை வெந்நீரில் போட்டு, அந்தப் பாத்திரத்தோடு எல்லாருக்கும் முன்னால் வகுப்புக்குப் போய், போர்டின்மேல் பழைய பேப்பரை வைத்து ஒவ்வொரு கல்லாக அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாதி போயிருக்கும். முதுகுக்குப் பின்னால், “இது எந்த வகை மசாஜ்?” என்று கேட்டது.

“ஹாட் ஸ்டோன்மா, இறுக்கமெல்லாம் தளர்ந்துடும்” என்றேன். பதற்றத்தில் உங்கள் குரலில் வந்துவிட்டது.

“உன் குரல்லயே சொல்லு. படுத்த உடனே பச்சை லேஸைப் பாத்துட்டேன். அந்த ஓட்டையில பாக்கறதுக்கு வேற என்ன இருக்கு?”

தெரிந்துமா அத்தனையையும் என்னிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“நேர்ல சொன்னா நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வெச்சிருப்ப. அங்க உன்னால உன் குரல்ல வாயைத் திறக்க முடியல” என்றார்.

அப்படியென்றால் வேலையை விடுவது நிஜமா, என்னைப் பயமுறுத்தச் சொன்னதா என்று கேட்டேன். அவர் இடது கையால் பாத்திரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துத் துடைத்து வலது தோளில் வைத்துக்கொண்டு, முதல் பெஞ்சில் உட்கார்ந்து, “இன்னும் பாதி இருக்கு, தேய்” என்றார். தேய்த்து முடித்ததும் எழுந்து வந்து, கையைத் தூக்காமல், போர்டின் கீழ்ப் பாதியில் இன்றைய முதல் கணக்கை எழுதினார். வழுக்கவில்லை.

மற்ற கற்களில் மெழுகு வாசனை வருகிறது, கழுவிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு கல் டீச்சரிடமே போய்விட்டது. திருப்பிக் கேட்க எனக்கு முகமில்லை. நீங்களே வந்து கேளுங்கள். போகும்போது மட்டும் செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொண்டு போங்கள். அவர் இனிமேல் முதலில் காலைத்தான் பார்ப்பார்.