வேன் வேண்டாம், அடுப்பு வந்துவிட்டது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் என் முட்டி வலியும் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியாமல் நலம். அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் சுகமா? பேத்திக்கு அந்த முன்பல் விழுந்ததா, இன்னும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறதா? நாக்கால் தள்ள வேண்டாம் என்று சொல். இனி விஷயத்துக்கு வருகிறேன். ஃபோனில் சொன்னால் நடுவில் பேசுவாய், அதனால்தான் கடிதம்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நீ வேன் கொண்டுவர வேண்டாம். அட்டைப்பெட்டி, கயிறு, தூக்குகிற ஆட்கள், எதுவும் வேண்டாம். இரண்டு மாதத்தில் இரண்டு தடவை பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனேன், பாத்திரம் கரியாகிப்போனது, இரண்டாவது தடவை புகையைப் பார்த்துக் கீழ்வீட்டுத் தையல்காரர் கையில் கத்திரிக்கோலோடு மேலே ஓடிவந்தார், கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு என்ன செய்ய இருந்தார் என்பது அவருக்கே தெரியவில்லை, இதையெல்லாம் நான் இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு தடவையும் நீ ஃபோன் பண்ணிய நாளாக அமைந்தது தற்செயல். ஆனால் அதற்காக "இனிமே நீ தனியா இருந்தது போதும்மா, மூட்டை கட்டு, இங்க வந்துடு" என்றாயே, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. தானாக அணைகிற மின்சார அடுப்பு வாங்கிவிட்டால் என் வீட்டிலேயே இருக்கலாமா என்று கேட்டேன். நீ சிரித்தாய். "வாங்கிக் குடுத்த செல்போன்ல பச்சை பட்டனை அழுத்தவே உனக்கு வரல, நீ போய் இண்டக்‌ஷன் அடுப்பு பாத்து வாங்கப்போறியா? சரி, மாசக் கடைசிக்குள்ள வாங்கிக் காட்டு, பாக்கலாம்" என்றாய். முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, அதில் பதினொரு வருஷம் வார்டு சிஸ்டராக நாற்பது கட்டிலையும் ஆறு டாக்டர்களையும் மேய்த்தவளைப் பார்த்துச் சிரித்தாய். ஃபோனை வைத்த கையோடு முடிவு பண்ணிவிட்டேன்.

மறுநாள் மின்சாதனக் கடையின் ஷட்டர் பாதி ஏறும்போதே குனிந்து உள்ளே போய்விட்டேன். கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் "எத்தனை பேருக்கு மேடம் சமைக்கணும்?" என்றார். எனக்கு மட்டும் என்றேன். "ஒருத்தருக்குத்தானே, எது எடுத்தாலும் ஒண்ணுதான்" என்று அலட்சியமாகச் சொல்லி எட்டு அடுப்புகளை வரிசையாகக் காட்டினார். எல்லாம் கறுப்புக் கண்ணாடி, மேலே பட்டனே இல்லை, பட்டன் மாதிரி படம்தான் இருந்தது. முதல் அடுப்பைத் தொட்டேன். பேசாமல் கிடந்தது. அவர் தொட்டார், பீப் என்றது. இரண்டாவதைத் தொட்டேன், ம்ஹூம். எட்டையும் தொட்டுப் பார்த்தாயிற்று, நான் ஒருத்தி அங்கே நிற்பதாகவே எந்த அடுப்பும் ஒப்புக்கொள்ளவில்லை. "கையைக் காட்டுங்க மேடம்" என்று வாங்கிப் பார்த்தவர், "என்ன மேடம், விரல்ல ரேகையையே காணோம்?" என்றார். எப்படி இருக்கும்? ஒரு நாளைக்கு அறுபது தடவை மருந்துச் சோப்புப் போட்டுக் கழுவிய கையடா இது. கொஞ்சம் ஈரம் பண்ணிக்கொண்டு தொடச் சொன்னார். தொட்டேன், எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்து, குழந்தைகள் தொடாமல் இருப்பதற்கான பூட்டு விழுந்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில் என்னைக் குழந்தை என்று முடிவுகட்டிய முதல் ஆள் நீ, இரண்டாவது அந்த அடுப்பு. நீ கொடுத்த செல்போன் ஏன் அலமாரியில் தூங்குகிறது, நான் ஏன் ஹாலில் இருக்கிற பழைய ஃபோனைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்பது இப்போதாவது புரிந்ததா? எனக்கு மண்டையில் ஒன்றும் குறை இல்லை, விரலில்தான்.

அப்போதுதான் கீழ்த்தட்டில் தூசி படிந்து ஓரமாகக் கிடந்த ஒன்றைப் பார்த்தேன். திருகுகிற குமிழ் வைத்தது. "அது பழைய மாடல் மேடம், யாரும் சீண்ட மாட்டாங்க" என்றார். எடுங்கள் என்றேன். திருகினேன், டக் என்று ஒரு சத்தம், விளக்கு எரிந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதுதான் என்று சொல்லிவிட்டேன். "பாத்திரத்துல காந்தம் ஒட்டணும் மேடம், ஒட்டலன்னா சூடே ஆகாது, வீட்டுல பாத்துட்டு வந்து வாங்கிக்கோங்க" என்று ஒரு காந்தத்தைக் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இருபத்துமூன்று பாத்திரங்களையும் சமையலறைத் தரையில் படுக்கவைத்து, காந்தத்தோடு ரவுண்ட்ஸ் போனேன். அலுமினியம் எல்லாம் டிஸ்சார்ஜ். ஸ்டீலாவது ஒட்டும் என்று நினைத்தால், மூன்று தலைமுறை ஓடும் என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த ஸ்டீல் எதிலும் ஒட்டவில்லை, ஓட்டை டப்பா மூடியில் போய் ஒட்டுகிறது. இரும்பு வாணலியில் ஜோராக ஒட்டியது, ஆனால் அதற்கு அடிப்பாகம் உருண்டை, கண்ணாடி மேல் வைத்தால் ஊஞ்சலாடும். கடைசியில் இரண்டு பரீட்சையிலும் தேறியது ஒன்றே ஒன்றுதான். நான் ஓய்வு பெற்ற அன்று வார்டில் எல்லாரும் சேர்ந்து ஞாபகமாகக் கொடுத்தார்களே, ஊசியும் பஞ்சும் வைக்கிற எனாமல் கிட்னி டிரே, அதுதான். புதுசு, ஒரு ஊசியையும் பார்க்காதது. இனி முட்டை பொரிப்பது அதில்தான். மருமகளிடம் இதைச் சொல்லாதே, அவள் இங்கே வந்தால் முட்டை சாப்பிட மாட்டாள். தட்டையான பால் பாத்திரம் ஒன்று தனியாக வாங்கினேன்.

அடுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. பால் வற்றிப் பாத்திரம் காய்ந்துபோனால் நிஜமாகவே அணையுமா? மறுபடி கடைக்குப் போய்க் கேட்டேன். "அணையும் மேடம், புக்குல போட்டிருக்கு" என்றார். "புக்குல போட்டபடி எல்லாம் நடந்திருந்தா என் வார்டுல ஒருத்தரும் செத்திருக்க மாட்டாங்க தம்பி" என்று சொல்லி, பையிலிருந்து பாலையும் மடக்கு நாற்காலியையும் எடுத்தேன். கண்ணெதிரில் தீயவிட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார், நடக்கட்டும் என்று கைகாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். பொங்கியது, வழிந்தது, வற்றியது, கருகியது. டிவி பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு என் பின்னால் கூட்டம் போட்டுவிட்டார்கள். பதினேழாவது நிமிஷம் நாலு தடவை பீப் பீப் என்று கத்திவிட்டு அடுப்பு தானாக அணைந்தது. மூன்று பேர் கைதட்டினார்கள், அதில் ஒருவர் டைக்காரர். கடைப் பாத்திரத்தை நானே தேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் பில் போடச் சொன்னேன்.

பிறகு எலக்ட்ரீசியன் வந்தார். சமையலறைப் பிளக் இதைத் தாங்காது, புது வயர் இழுக்க வேண்டும் என்றவர், என்னிடம் சொல்லாமல் "வீட்டுல ஐயா இருக்காரா, கலந்து பேசணும்" என்றார். "ஐயா போய் ஒன்பது வருஷம் ஆச்சு, அவசரம்னா நீங்களே போய்க் கேட்டுட்டு வாங்க" என்றேன். அரை நாளில் வேலையை முடித்துவிட்டு, காப்பிகூட வேண்டாம் என்று போய்விட்டார். நேற்று கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, ரசீது இத்துடன் இருக்கிறது. ஆகவே மறதி என்பது இனிமேல் அடுப்பின் பொறுப்பு. நான் இந்த வீட்டில்தான் இருப்பேன். இதற்குமேல் பேச்சில்லை.

மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழாமல் நன்றாக இருங்கள். என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். மறந்துபோனேன் என்று மேலே எழுதியிருப்பது பொய். இரண்டு தடவையும் பால் பொங்குகிற சத்தம் கேட்டது, கருகுகிற வாசனையும் வந்தது. முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்த மூக்கடா இது. ஹால் ஃபோனின் வயர் சமையலறை வரை எட்டாது. எப்போதும் "சாப்ட்டியா, மாத்திரை போட்டியா, அப்புறம் பேசறேம்மா" என்று நாலு நிமிஷத்தில் வைத்துவிடுகிறவன், முதல் தடவை, ஆபீஸில் உனக்குக் கீழே இருந்தவரை உனக்கு மேலே உட்காரவைத்துவிட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாய். இரண்டாவது தடவை, ஆபீஸ் போகவே பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தாய். நீ அழுகிறாய் என்று எனக்குத் தெரியாதா? இருடா, அடுப்பை அணைச்சுட்டு வரேன்னு சொல்லியிருந்தா "சரிம்மா, அப்புறம் பேசறேன்"னு வெச்சிருப்பே. சின்ன வயசுலேர்ந்தே நீ அப்படித்தான், ஒரு தடவை நிறுத்தினா திரும்ப வாயைத் திறக்க மாட்டே. பாத்திரம் போனா போகட்டும்னு உக்காந்திருந்தேன். இப்போ அதுக்கும் வழி பண்ணியாச்சு. ஞாயித்துக்கிழமை வேன் இல்லாம நீ மட்டும் வா. வர முடியலன்னா ஃபோன் பண்ணு, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசு. பால் அடுப்பில இருந்தாலும் நான் எழுந்து போக மாட்டேன்.