அயர்ன் மாஸ்டர் கேட்ட விங் ஆட்டக்காரன்

திருப்பூரில் பனியனுக்கு இஸ்திரி போடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் கையில் இஸ்திரிப் பெட்டியும் வாயில் கால்பந்துமாக ஒரே டேபிளில் இருபத்திரண்டு வருடம் நின்ற மனிதர் இந்த ஊரில் ஒருவர்தான். இன்னொருவர் வரப்போவதும் இல்லை. அவர் பெயர் கம்பெனி ரிஜிஸ்டரில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை. எங்களுக்கு அவர் அயர்ன் மாஸ்டர்.

நான் செக்கிங். இஸ்திரி முடிந்து வருகிற பீஸைக் கடைசியாகப் பார்த்து விடுகிறவள். என் டேபிளுக்கும் அவர் டேபிளுக்கும் நடுவில் ஓர் ஆள் உடம்பை ஒருக்களித்துப் போகிற சந்துதான் உண்டு. அந்தச் சந்து வழியாகத்தான் கால்பந்து எனக்குள் வந்தது. பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு நின்றுவிட்டேன். மூலனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பந்து என்றால் பையன்கள் துணியைச் சுருட்டி எறிவதுதான். ஆனால் இன்றைக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று யார் வேண்டுமானாலும் என்னைக் கேட்கலாம். கேட்டவர்கள் எழுந்து போக முடியாதபடி சொல்வேன்.

மாஸ்டர் நாகர்கோவிலுக்கும் அந்தப் பக்கம், கடலோரத்து ஊர்க்காரர். அவர் ஊரில் குழந்தைகள் நடக்கப் பழகுவதற்கு முன்பே பந்து உதைக்கப் பழகிவிடுவார்களாம். "பொறவு எப்பிடி மாஸ்டரே நின்னுக்கிட்டு ஒதைக்குங்க?" என்று கேட்டேன். "தவழ்ந்துக்கிட்டே ஒதைக்கும்க்கா" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

ஒருநாள் வெளிநாட்டு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. கருநீலத்தில் பெரிய சைஸ் பனியன். ஒரு பீஸைத் திருப்பினேன், முதுகு முழுவதும் வெள்ளைச் சாக்பீஸில் வட்டம் வட்டமாக ஏழு வட்டம், இடது ஓரத்தில் நீளமாக ஓர் அம்புக்குறி. எண்ணெய்க் கறை பார்த்திருக்கிறேன், ஓட்டை பார்த்திருக்கிறேன், ஊசி ஓடிய கோடு பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு டேமேஜ் பார்த்ததில்லை.

"ஏனுங் மாஸ்டரே, இது என்னங்க?"

"அது ஞாயித்துக்கிழம மேட்ச்சுக்கா. இடது பக்கம் காலியா கெடக்கு பாத்தியளா? அங்க ஒரு ஆளு மட்டும் இருந்தான்னு வைங்க..."

"ஆர்டர் குடுத்த பையர் பாத்தா நாம ரெண்டு பேரும் வேலையில்லாம காலியா கெடப்போம்."

அன்றைக்கு அவரே உதறி, துடைத்து, மறுபடி ஸ்டீம் போட்டுக் கொடுத்தார். ஆனால் அந்த இடது ஓரம் காலியாகத்தான் கிடந்தது. எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

எங்கள் கம்பெனிப் பையன்களுக்கு ஒரு கிளப் உண்டு. ஏழு பேர் ஆடுகிற ஆட்டம். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய நீலப் பனியன்தான் யூனிபார்ம். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்துக்கு அந்தப் பனியன்களை மாஸ்டர்தான் கொண்டுவருவார். சும்மா இல்லை. சூடு ஆறாமல் இஸ்திரி போட்டு, மடித்து, பாலிபேக்கில் போட்டு, சைஸ் ஸ்டிக்கர் ஒட்டி, ஆளுக்கு ஒன்றாக அமெரிக்காவுக்கு அனுப்புகிற மாதிரி கொடுப்பார். ஒருமுறை எங்கள் கோல்கீப்பர் பாலிபேக்கைப் பிரித்து முடிப்பதற்குள் எதிரணிக்காரன் முதல் கோலைப் போட்டுவிட்டான். மாஸ்டர் அதற்கு வருத்தப்படவில்லை. கோல்கீப்பர் பனியனைக் கசக்கிவிட்டான் என்றுதான் வருத்தப்பட்டார்.

அப்புறம் சேவியர் வந்தான். வேறொரு கம்பெனி அணியில் இடது விங் ஆடிக்கொண்டிருந்தவன். அந்த அணியைக் கலைத்துவிட்டார்கள், வேலையும் போயிற்று. மாஸ்டர் பக்கத்து ஊர்க்காரன். எங்கள் முதலாளி சீசனுக்கு ஓர் ஆட்டக்காரனுக்கு வேலை கொடுப்பார், தங்க ரூமும் உண்டு. கிளப்பில் சேர்ப்பது என்றால் அதுதான். அந்த ஒற்றை இடம் சேவியருக்குக் கிடைக்கவில்லை என்றால் அவன் ஊருக்குப் போய்ப் படகு ஏற வேண்டும். அவன் முட்டியை வைத்துக்கொண்டு படகு ஏற முடியாது.

முட்டிதான் சங்கதி. சேவியர் ஓடினால் மைதானமே ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கும். ஆனால் மூன்று ஆட்டம் ஆடினால் நாலாவது ஆட்டத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வருவான். பழைய அணியில் ஒருமுறை கோல் போட்ட சந்தோஷத்தில் குதித்து, இறங்கும்போது கணுக்கால் பிசகிற்று. ஒருமுறை மேட்ச்சுக்குப் போகிற பஸ்ஸில் இருந்து இறங்கும்போதே தொடை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு மைதானத்தை அவன் பார்க்கவே இல்லை.

ஒரு வாரம் டீ டைம் முழுக்க இதே பேச்சு. ஓவர்லாக் டெய்லர் பழனிச்சாமி எதிர்க்கட்சி.

"மாஸ்டரே, அவனுக்குக் காலு கண்ணாடியாட்டம் இருக்குதுங்க. நாம ஆட்டத்துக்கு ஆளு எடுக்கறமா, ஆஸ்பத்திரிக்கு ஆளு எடுக்கறமா?"

"ஏல பழனிச்சாமி, ஆடுன மேட்ச்சுல எத்தன கோலு போட்டான்னு சொல்லு."

"ஆடாத மேட்ச்சுல எத்தன போட்டானுங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

"முழு மேட்ச்சும் ஆட வேண்டாம்ல. கடைசி இருவது நிமிசம் எறக்குனாப் போதும். அதத்தான் சொல்லுதேன், ஒருத்தன் காதுலயும் ஏற மாட்டேங்கு."

"இருவது நிமிசத்துக்கு ஒரு ஆளுங்களா? அப்ப எனக்கும் இருவது நிமிசம் மட்டும் வேலை குடுக்கச் சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அந்த இருபது நிமிடப் பேச்சு என் காதிலும் ஏறவில்லை.

சனிக்கிழமை ஓட்டுப் போட்டோம். எங்கள் கிளப்பில் ஓட்டு என்றால் கட்டிங் வேஸ்ட் துணிதான். வெள்ளைத் துண்டு போட்டால் வேண்டும், சிவப்பு போட்டால் வேண்டாம். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து எண்ணினால் இரண்டும் சரிக்குச் சரி. மிஞ்சியது ஒரே ஒரு துண்டு. அது சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணி. போட்டது பீகார்க்காரன் முன்னா, பனியன் மடிக்கிறவன். ஏன்டா இப்படிப் போட்டாய் என்று பழனிச்சாமி கேட்டதற்கு, "மாஸ்டர் பேசறான், சரி. நீ பேசறான், அதுவும் சரி. நான் என்ன செய்யும் பய்யா?" என்றான்.

மாஸ்டர்தான் அப்போது என் பக்கம் திரும்பினார்.

"எக்கா கை வச்ச பீஸு இதுவரைக்கும் திரும்பி வந்துருக்கா? நாளைக்கு அவன ஆட விடுவோம். எக்கா செக்கிங் பண்ணட்டும். எக்கா பாஸ் போட்டா எடுப்போம். இல்லன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

எதிர்க்கட்சியும் ஒத்துக்கொண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் மறுநாளுக்கு நல்ல சேலை எடுத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சேவியர் ஆடினான். அதை ஆட்டம் என்று சொல்லிவிட முடியாது. பந்து காலோடு தைத்த மாதிரி போயிற்று. இரண்டு கோல். எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள். நான் முட்டியைப் பார்த்தேன். பழக்கம் அப்படி. பாதி ஆட்டத்தில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவன், எழுந்திருக்கும்போது கையைத் தரையில் ஊன்றினான். யாரும் பார்க்காதபோது ஒவ்வொரு படிக்கும் அதே ஒரு காலையே முதலில் வைத்து இறங்கினான். டேமேஜ் எனக்குத் தெரிந்துவிட்டது.

பீஸில் டேமேஜ் இருந்தால் நாங்கள் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். முந்தானையில் நாலைந்து எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆட்டம் முடிந்ததும் அத்தனை பேர் நடுவில் போய், ஒரு ஸ்டிக்கரை எடுத்து சேவியரின் முட்டியில் ஒட்டினேன்.

"ரிஜெக்ட்டுங்க மாஸ்டரே."

மைதானமே சிரித்தது. பழனிச்சாமி விசில் அடித்தான். சேவியரும் சிரித்தான். குனிந்து அந்த ஸ்டிக்கரைப் பார்த்தான். உரிக்கவில்லை.

மாஸ்டர் மட்டும் என் அருகில் வந்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எக்கா, உங்க டேபிள்ல மூணு குவியல்லா இருக்கும். பாஸு, ரிஜெக்ட்டு, நடுவுல ஆல்ட்ரேசன். பிரிச்சுத் தைச்சா சரியாயிரும்னு நீங்கதான ஒதுக்கி வப்பிய. இவன ஏன்க்கா நேரா ரிஜெக்ட்ல போட்டிய?"

எனக்குப் பதில் இருந்தது. "பனியன் வேற, மனுசன் வேறங்க" என்றேன். கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்டதாக வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டே போனேன். மனுசன் வேறு என்றால் இன்னும் அல்லவா பொறுத்துப் பார்த்திருக்க வேண்டும்? அது அன்றைக்குத் தோன்றவில்லை.

அந்த இடத்துக்குக் குண்டடம் ஊர்க்காரன் ஒருவனை எடுத்தோம். இரும்பு மாதிரி உடம்பு. ஒரு நாளும் காயப்பட்டதில்லை. பந்துக்குப் பக்கத்திலேயே போகாதவனுக்குக் காயம் எப்படிப்படும்?

சேவியர் ஊருக்குப் போயிருப்பான் என்றுதான் நினைத்தேன். சீசன் கடைசியில், அரையிறுதியில், பல்லடம் ரோட்டுக் கம்பெனி அணி எங்களுக்கு எதிராக வந்தது. ஒன்றுக்கு ஒன்று. இருபது நிமிடம் இருக்கும்போது அவர்கள் ஓர் ஆளை வெளியே கூப்பிட்டு ஓர் ஆளை உள்ளே விட்டார்கள். சேவியர். முட்டியில் பட்டை போட்டிருந்தான். இடது ஓரமாக இரண்டே இரண்டு முறை ஓடினான். இரண்டும் கோல். எங்கள் குண்டடத்துக்காரன் இரண்டு தடவையும் ஒதுங்கி வழிவிட்டான், கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி.

நாங்கள் தோற்றோம். மாஸ்டர் பாலிபேக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இப்போது சொல்லிக்காட்டுவார், நானும் திருப்பி இரண்டு வார்த்தை போடலாம் என்று தயாராக நின்றேன். அவர் சொல்லவில்லை. "பஸ்ஸு வந்துரும்க்கா, நடங்க" என்றார்.

சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டிருந்தால் நடுவில் எங்கேயாவது, நான் செய்தது தப்புதான் என்று வாயில் வந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் மழை பற்றிப் பேசினார், கரண்ட் பற்றிப் பேசினார், மருமகன் பற்றிப் பேசினார். பந்து பற்றிப் பேசவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாலு மாதம் பந்துப் பேச்சு இருந்த இடத்தில் வெறும் ஸ்டீம் சத்தம் மட்டும்தான்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கிளம்பினார். "வாரேங்க்கா" என்றார். நான் பீஸ் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை விட்டுப்போகும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். பொங்கல் கழிந்தும் வரவில்லை. கண்ணில் புரை, இனி வேலைக்கு வர மாட்டார் என்று சூப்பர்வைசர் சொன்னார். அடுத்த வருடம் நானும் நின்றுவிட்டேன்.

போன மாதம் என் வீட்டு வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். கையில் கல்யாணப் பத்திரிகை. கொஞ்சம் சதை போட்டிருந்தான். சேவியர்.

உட்கார வைத்து, காபி கொடுத்து, எதையோ பேசி, கடைசியில் கேட்டேன்: "ஏஞ்சாமி, அந்தக் கம்பெனியில எப்பிடி எடுத்தாங்க உன்னைய?"

"மாஸ்டர்தான அங்க வந்து பேசுனாரு. உங்களுக்குத் தெரியாதா? நீங்க ரிஜெக்ட் போட்டீங்கள்லா, மறுநா காலையிலயே என்னயக் கூட்டிட்டுப் போயிட்டாரு. இருவது நிமிசத்துக்கு மேல விடாதியன்னு அவங்க கோச்சுக்கிட்ட கைய எடுத்துக் கும்புட்டுச் சொன்னாரு. இப்ப ஆட்டத்த விட்டுட்டேன். அங்கயே லைன் சூப்பர்வைசரா இருக்கேன்."

எங்கள் கிளப்புக்குப் பனியன் மடித்துக்கொண்டே, எங்களைத் தோற்கடிக்கிற ஆளை எதிரணிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார் மனிதர். கோபம் வர வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. கூடவே கண்ணும் கலங்கிற்று.

"என்னையப் பத்தி ஏதாச்சும் சொல்லுவாருங்களா?"

"நாங்க ஏதாவது கிண்டலா சொன்னா விட மாட்டாரு. மைதானத்துல அத்தன பேரு பந்தப் பாத்தானுவ, எக்கா ஒருத்திதான் உன் முட்டியப் பாத்தான்னு சொல்லுவாரு. அதனாலதான் கோச்சுக்கிட்ட அப்பிடிக் கெஞ்சுனேம்பாரு."

அவன் போன பிறகு வெகுநேரம் பத்திரிகையைக் கையிலேயே வைத்திருந்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். கல்யாணம் அவர்கள் ஊர்ச் சர்ச்சில். மாஸ்டர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம் என்று சேவியர் சொல்லியிருந்தான்.

நாகர்கோவிலுக்கு டிக்கெட் போடச் சொல்லி மகனிடம் சொல்லிவிட்டேன். எங்கள் ஜனத்தில் யாரும் அவ்வளவு தூரம் கல்யாணத்துக்குப் போனதில்லை. எதற்கம்மா அவ்வளவு தூரம் என்று அவன் கேட்டான். ஒரு தப்பை ஒத்துக்கொள்ளப் போகிறேன் என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? மாஸ்டரைப் பார்த்து ரொம்ப நாளாச்சு, கண்ணுக்குள்ளேயே நிற்கிறார் என்று சொன்னேன்.

அதுவும் பொய்யில்லை.