ஏழு கவலைகளும் ஒரு தபால் பெட்டியும்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனனும் இந்த ஊர் நகராட்சி உறுப்பினருமாகிய நான் பணிவுடன் எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம். உங்கள் கால் சௌக்கியம் என்று நீங்கள் எழுதினாலும் நம்புவதாக இல்லை. மாடிப்படி இறங்கவே கால் மணி நேரம் ஆகிறது என்று அக்கா போனில் சொல்லிவிட்டாள்.

இந்த மாதக் கடைசிக்குள் முன்னாள் ராணுவத்தினர் கிளினிக் இங்கே திறக்காவிட்டால் இந்த ஊர் வீட்டை விற்றுவிட்டு, தலைநகரில் ராணுவ ஆஸ்பத்திரி பக்கத்தில் இப்போது தங்கியிருக்கும் வாடகை அறையிலேயே இருந்துவிடப் போவதாகச் சொன்னீர்களாம். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நகராட்சி கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தாமதம் பற்றி முதல் கூட்டத்தில் ‘கவலை’ தெரிவித்துத் தீர்மானம் போட்டு சுகாதாரத் துறைக்கு அனுப்பினோம், பதில் இல்லை, அடுத்த மாதம் ‘ஆழ்ந்த கவலை’ அனுப்பினோம், அதற்கும் இல்லை, அப்புறம் ‘மிக ஆழ்ந்த கவலை’, இப்படியே இறங்கிக்கொண்டே போய் ஏழாவது கூட்டத்தில் எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதற்குமேல் ஆழம் போகத் தன்னிடம் வார்த்தை இல்லை என்று கைவிரித்துவிட்டார். நகராட்சித் தலைவியம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கட்டடம் போன வருஷமே தயார், அத்தான். பெயர்ப்பலகை மாட்டி, வாசலில் பெஞ்சு போட்டு, சுவரில் ஒரு தபால் பெட்டியும் வைத்தோம். பெட்டி என் யோசனை. பதில் முகவரியாகக் கிளினிக்கையே போட்டால் நாம் எவ்வளவு மும்முரமாக இருக்கிறோம் என்று துறைக்குப் புரியும் என்றதும் என் யோசனைதான். பெட்டிச் சாவியை உறையில் போட்டு அரக்கு வைத்து, வரப்போகும் டாக்டரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும் என்று தீர்மானமும் போட்டோம். நீங்கள் இப்போது சிரிப்பது எனக்குக் கேட்கிறது. எங்களுக்கு ஏழு மாதம் உறைக்கவே இல்லை.

உங்கள் படைப்பிரிவிலேயே இருந்து, குண்டுச் சத்தத்தில் காது மந்தமாகி வந்தாரே, எல்லோரும் பீரங்கி என்று கூப்பிடுவார்களே, அந்தப் பெரியவர், திறக்கிற அன்று தான்தான் முதல் ஆளாக இருக்க வேண்டுமென்று தினமும் ஒன்பது மணிக்கு அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார். போன செவ்வாய்க்கிழமை அவரைச் சமாதானப்படுத்தப் போனேன். துறையிலிருந்து ஒரு வரி பதில்கூட வரவில்லை, நாங்கள் என்னதான் செய்வது என்று அவர் காதருகே கத்தினேன். அவர் தெருவுக்கே கேட்கும்படி பதில் சொன்னார்.

“டாக்டருக்குத்தான் மாசாமாசம் கடுதாசி வருதே தம்பி. தபால்காரர் இந்தப் பெட்டியிலதான் போட்டுட்டுப் போறாரு. டாக்டரைத்தான் காணோம்.”

ஓடிப்போய்த் தலைவியம்மாவிடம் சொல்ல, அரக்கை உடைக்க ஓர் அவசரக் கூட்டம், அதற்கு ஒரு தீர்மானம், ஒருவழியாகப் பெட்டியைத் திறந்தால் எங்கள் ஏழு கவலைகளுக்கும் ஏழு பதில்கள். டாக்டர் தயார், நர்ஸ் தயார், மருந்து தயார். வாசல் சாய்தளத்தில் சக்கர நாற்காலி ஏறி உள்ளே போகிறது என்று தலைவி கையெழுத்திட்ட ஒரே ஒரு சான்றிதழ் வந்தால் பத்து நாளில் திறந்துவிடலாம் என்று முதல் கடிதத்திலேயே கேட்டிருக்கிறார்கள். ஏழாவதில், நகராட்சியின் தாமதம் குறித்து ஆழ்ந்த கவலை தெரிவித்திருக்கிறார்கள். எழுத்தர் அதைப் படித்துவிட்டு, நல்ல நடை என்றார். எனக்கு அவமானமாக இருந்தது, அத்தான். நீங்கள் அங்கே சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிய ஏழு மாதமும், உங்கள் கிளினிக் என் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்திருக்கிறது.

அன்றைக்கே பீரங்கியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிப் பார்த்தோம். சல்லென்று ஏறி உள்ளே போய்விட்டது. அவர்தான் இறங்கமாட்டேன் என்றார், வரிசையில் இடம் போய்விடுமாம். சான்றிதழில் கையெழுத்தாகி இன்று காலை தபாலில் சேர்த்தாயிற்று. இனி எல்லாம் தானாக நடக்கும், நீங்களோ நானோ ஓர் அடிகூட எடுத்து வைக்க வேண்டாம். வீடு கேட்டு வருகிறவரிடம் இல்லையென்று சொல்லிவிடுங்கள், அது போதும்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு என் வணக்கம். எனக்கு உங்கள் ஆசியோடு கொஞ்சம் மன்னிப்பும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: தபாலில் சேர்த்தாயிற்று என்று மேலே எழுதியதை அடித்துவிடவும். கடிதத்தை முடித்த கையோடு அலுவலகப் பியூன் வந்து, எதற்கு அவ்வளவு தூரம் போவது என்று பக்கத்துப் பெட்டியிலேயே போட்டுவிட்டதாகச் சொன்னார். கிளினிக் பெட்டியில். சாவிக்கோ முறைப்படி மறுபடியும் அரக்கு வைத்தாயிற்று. இந்தத் தடவை தீர்மானத்துக்குக் காத்திருக்கவில்லை; அரக்கை நானே உடைத்து, சான்றிதழை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். துறை அலுவலகம் உங்கள் அறைக்கு இரண்டு தெரு தள்ளித்தானாமே. அங்கே அதை நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டுதான் உங்களிடம் வருவேன். இந்தக் கடிதத்தையும் எந்தப் பெட்டியையும் நம்பிப் போடுவதாக இல்லை. ஆகவே இதைப் படிக்கும்போது நான் உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். திட்ட வேண்டியதைத் திட்டி முடித்துவிட்டு, ஊர் வீட்டுச் சாவியை எடுத்து வையுங்கள். திரும்பும்போது மூன்று பேருமாகப் போகலாம்.