கருப்பட்டியில் ஒட்டிய டல்சிமர்

“கட்டடத்துக்குப் படிச்ச புள்ள செஞ்சா அது கட்டடமாட்டத்தான் இருக்கும். இதுல பாட்டு எங்கிருந்து கண்ணு வரும்?”

நான் செய்த முதல் டல்சிமரைத் தூக்கிப் பார்த்துவிட்டு சாமுவேல் மாமா கேட்டது இது. மாமா அம்மாவின் தம்பி. எங்கள் ஊர் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை அன்று, மக்கள் காணிக்கையாகக் கொண்டுவரும் கோழி, பூசணி, வாழைத்தாரை எல்லாம் ஏலம் விடுகிறவர். அதனால் எதைக் கொடுத்தாலும் முதலில் தூக்கி எடை பார்ப்பார்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். சிவில் இன்ஜினியரிங் முடித்த முதல் ஆளும் நானே. (இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை.) பீளமேட்டில் ஓர் அலுவலகத்தில் வீட்டு வரைபடம் போடும் வேலை. அப்போது எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. விடுமுறையில் ஊருக்கு வந்து கிணத்துக்கடவுச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுத்தான் போவேன். கத்தரிக்காய் விற்கிற அக்கா ஒருநாள்கூட அதைப் படித்ததில்லை.

டல்சிமர் என்பது மடியில் படுக்கவைத்து மீட்டும் நீளப் பெட்டி. மூன்று கம்பி. ஒன்றில் பாட்டு, மற்ற இரண்டும் தம்பூராவைப் போலச் சும்மா ரீங்காரம் போடும். எங்கோ ஒரு வெளிநாட்டு அம்மா அதை வாசிப்பதைக் கைப்பேசியில் பார்த்தேன். மற்றவர்களுக்கு அதைப் பார்த்தால் கண் கலங்கும் என்கிறார்கள். எனக்கு, “நாலு பலகைதானே, நாமே செய்யலாமே” என்றுதான் தோன்றியது.

முதல் டல்சிமர், வெட் கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டி. கம்பியை முறுக்கியதும் சாப்பிட்டு முடித்த இலைபோல இரண்டாக மடிந்துகொண்டது. இரண்டாவது, தென்னைச் சட்டம். மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். மீட்டினால் யாரோ கதவைத் தட்டுவதுபோலச் சத்தம் வரும். (அப்பா இரண்டுமுறை எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.) மூன்றாவதற்கு மெல்லிய பிளைவுட் வாங்கினேன். விரல் வைக்கும் கட்டைகளுக்கு சைக்கிள் ஸ்போக்கை வெட்டிப் பதித்தேன். முறுக்குவதற்குக் கொக்கி ஆணி. கம்பிக்கு அப்பாவின் பழைய பைக்கிலிருந்து கிளட்ச் ஒயரைப் பிரித்தேன். வண்டிதான் பழையது, ஒயர் அவர் தினமும் பிடிக்கிற ஒயர் என்பது, மறுநாள் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே தோட்டத்துக்குப் போனபோது தெரிந்தது.

ஆனால் அந்த மூன்றாவது பாடியது. நிஜமாகவே பாடியது. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவருக்கும் கேட்காத குரலில் எல்லாப் பாட்டையும் பாடுவார். அந்த வருடம் பாஸ்டர் ஐயா தோட்டத்துப் பக்கம் வந்தபோது அம்மா பாடுவதைக் கேட்டுவிட்டு, அறுப்பின் பண்டிகைக்கு ஒரு கீர்த்தனையைத் தனியாகப் பாடச் சொன்னார். அம்மா தனியாக எழுந்து நின்று எதையும் செய்ததில்லை. அன்றிலிருந்து களை எடுக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் அதே பாட்டுத்தான். புதுச் சேலைக்கு ஓரம் அடித்து வைத்தாகிவிட்டது. ஒரே பயம், நடுவில் சுருதி தப்பிவிடுமோ என்று.

“நீ ஒண்ணுக்கும் பயப்படாதம்மா. நான் பக்கத்துல உக்காந்து வாசிக்கறேன். என்ற பொட்டி எங்க போகுதோ, அதையே புடிச்சுட்டு வா.”

“செரி கண்ணு. படிச்சவ சொன்னாச் செரியாத்தான் இருக்கும்.”

இந்த நம்பிக்கைக்கு ஈடுகொடுக்க, டல்சிமரை இன்னும் மேம்படுத்துவது என்று முடிவு செய்தேன். கனத்த நாதம் வேண்டுமென்று உள்ளே இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை வைக்கத் திட்டம். அதற்காகப் பெட்டியைப் பிரித்தேன். திரும்ப ஒட்டும்போதுதான், கடையில் வாங்கிய மரப் பசை நாதத்தை விழுங்குகிறது என்று எனக்குத் தோன்றியது. (யாரும் சொல்லவில்லை. எனக்கே தோன்றியது.) அந்தக் காலத்துக் காரையைப் பற்றிக் கல்லூரியில் படித்தது ஞாபகம் வந்தது: சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, முட்டை வெள்ளை. கல்லையே பிடிக்கிறது, பிளைவுட் எம்மாத்திரம்?

நான் குண்டாவில் குழைப்பதை அம்மா எட்டிப் பார்த்தார்.

“கச்சாயம் சுடப் போறயா?”

“பசைம்மா. கோட்டையே இதுலதான் நிக்குது.”

“கோட்டை நிக்கும் கண்ணு. பாடுமா?”

சிரித்துக்கொண்டே கருப்பட்டியை இன்னொரு கை அள்ளிப் போட்டேன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் காயவைத்துவிட்டு பீளமேட்டுக்கு பஸ் ஏறினேன்.

பண்டிகை அன்று காலைதான் திரும்பி வந்து கம்பியை மாட்டினேன். லேசான தூறல். ஆலயம் நிறைந்திருந்தது. அம்மா புதுச் சேலையில், மைக்கைப் பாம்பைப் பிடிப்பதுபோலப் பிடித்து நின்றார். நான் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்து அட்டையை ஒருமுறை சரிசெய்துகொண்டு மீட்டினேன்.

முதல் அடி அருமை. இரண்டாவது அடியில் கம்பிகள் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது. ஈரக் காற்றில் கருப்பட்டி இளகி, கொக்கிகள் இருந்த கட்டை மெல்ல நகரத் தொடங்கியிருக்கிறது. மூன்று கம்பியும் ஒற்றுமையாகச் சுருதி இறங்கின. அம்மா, பெட்டி போன இடத்துக்கே போனார். அது இறங்க இறங்க அவரும் இறங்கினார். சரணத்துக்கு வரும்போது அம்மாவின் தொண்டையிலிருந்து சாமுவேல் மாமாவின் குரல் வந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை பயந்துபோய்த் தன் அம்மாவின் மடியில் ஏறியது. என் அம்மா என்னைக் கேள்வியாகப் பார்த்தார். ஆனால் நம்பிக்கை போகவில்லை. இன்னும் ஒரு படி இறங்கினார்.

அப்போதுதான் என் தொடையில் ஏதோ சுருக்கென்றது.

கருப்பட்டி தடவிய இரண்டு சிரட்டைக்குள்ளும் செவ்வெறும்புகள் குடிவந்திருந்தன. என் வாசிப்பு அவற்றுக்குப் பிடிக்கவில்லை. சத்தத் துளை வழியாக வரிசையாக வெளியே வந்தன. “ஐயோ!” என்று எழுந்தேன். டல்சிமர் தரையில் விழுந்து, மேற்பலகை ஒருபக்கம், அடிப்பலகை ஒருபக்கம். ஒரு சிரட்டை நடைபாதையில் உருண்டுபோய் பாஸ்டர் ஐயாவின் காலடியில் நின்றது. நான் பாவாடையை உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

மைக்கில் அம்மா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அவ்வளவுதான், உட்கார்ந்துவிடுவார், இனி எந்த ஜென்மத்திலும் எழுந்து நிற்கமாட்டார் என்று நினைத்தேன். வாசலில் நின்று அழுகையும் எறும்பும் ஒன்றாகக் கடிக்க, திரும்பிப் பார்க்கவே தைரியமில்லை.

அம்மா தொண்டையைச் செருமினார். சரணத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்தார், தன்னுடைய சொந்தக் குரலில், எடுத்த சுருதியிலேயே நின்று. கடைசி அடிவரை ஒரு நூல் இறங்கவில்லை. முடித்ததும்தான் நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா குனிந்து காலில் ஏறிய எறும்பைத் தட்டிவிட்டு, போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

பிற்பாடு ஏலத்தில் மாமா அந்த உடைசலையும் தூக்கிக் காட்டினார். “ஏனுங்க, இப்பிடிப் பொருள் எங்கீங்க கெடைக்கும்? வாத்தியம் மட்டுமில்லீங்க, உள்ளாற ஒரு பாடகர் குழுவே குடியிருக்குதுங்க! ஆருக்கு வேணும்?”

ஆலயமே சிரித்தது. ஒரே ஒரு கை உயர்ந்தது. அம்மாவுடையது.

“எதுக்கும்மா அதப் போயி எடுத்தே?” என்றேன் வீட்டுக்கு வரும் வழியில்.

“வெங்காயம் போட்டு வெக்கலாம் கண்ணு. நல்ல காத்தோட்டமா இருக்குது.”

இன்றும் அதில் வெங்காயம்தான் இருக்கிறது. கரண்ட் குறைந்து தோட்டத்து மோட்டார் சத்தம் தாழ்ந்து போனால், அப்பா திரும்பியே பார்க்காமல், “டல்சிமர் எறங்குது, போயி நிறுத்து” என்பார். என் தம்பி குரல் உடைந்த வருடம் முழுக்க வீட்டில் அவனுக்கு அதே பெயர். அலுவலகத்தில் எவ்வளவு பெரிய கட்டடத்துக்கு வரைபடம் போட்டேன் என்று சொன்னாலும் மாமாவுக்கு ஒரே சந்தேகம்: “எறும்பு வருமா அம்மணி?”

நான்காவதற்குப் பலாப்பலகை வாங்கி, சாதாரண மரப் பசையில் ஒட்டிக் காயவைத்து, நிஜமான கிட்டார் கம்பி மாட்டியாகிவிட்டது. நேற்றுக் காலை அம்மாவை அடுக்களையில் ஓர் அடி பாடச் சொன்னேன். அவர் எடுத்த சுருதிக்கு முதல் கம்பியை முறுக்கிவிட்டேன்.