அவுட்டாகும் உரிமை

ஏழு மலைகளுக்கு அப்பால் என்று தொடங்க முடியாது. ஏணிமங்கல நாட்டைச் சுற்றி ஒரு மலைகூடக் கிடையாது. அதை ஆண்டவர், தேர்தலில் நிற்கும் மன்னர் பெருங்கருணையார்.

அங்கே பூங்கோதை என்றொரு சிறுமி இருந்தாள். வலது கால் சூம்பியிருந்தாலும் ஊன்றுகோலோடு வேகமாகவே நடப்பாள். தெருப் பிள்ளைகள் கல்லா மண்ணா ஆடும்போது அவளை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவள் ஓடலாம், கத்தலாம். ஆனால் யார் தொட்டாலும் அவுட் கிடையாது. அவுட்டானால்தானே அடுத்துப் பிடிக்கும் முறை வரும்? ஆக, ஆட்டத்தில் அவள் இருந்ததும் இல்லாததும் ஒன்றுதான்.

அரசவைக்குப் போய் மனு கொடுத்தாள்.

“என்னையும் அவுட்டாக்கச் சொல்லுங்க ராசா. அப்பதான் நானும் மத்தவங்களைப் பிடிக்க முடியும்.”

மன்னர் கண்ணீர் விட்டார். கருணைத் துறை அமைச்சர் வச்சிரநாதர் அதைத் துளித்துளியாகக் குறித்துக்கொண்டார். மறுநாளே ஆணை வந்தது: ‘சப்பாணி’ என்ற இழிசொல் ஒழிக்கப்பட்டது. இனி அவள் ‘கௌரவ ஆட்டக்காரர்’.

“இப்ப அவுட்டாக்குவாங்களா?” என்று கேட்டாள் பூங்கோதை.

“அபச்சாரம்! கௌரவமானவரை அவுட்டாக்குவது அரச நிந்தனை, அம்மா” என்றார் அமைச்சர்.

இரண்டாம் ஆணைப்படி, அவள் மைதானத்தில் கால் வைத்ததும் பிள்ளைகள் அசையாமல் நின்று வணங்கினார்கள். ஆட்டம் நின்றுபோனது. அவளைத் தொடுவோருக்கு ஓராண்டுச் சிறை என்றது மூன்றாம் ஆணை. இரண்டு காவலர்கள் குடை பிடித்தபடி அவள் முன்னும் பின்னும் ஓடினார்கள்.

“அந்தப் பொண்ணு பக்கம் போன, ஜெயில் களிதான்டா!” என்று தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே பூட்டினார்கள்.

நாட்டில் அவளை ஒதுக்குவோர் ஒருவருமில்லை என்று துறை அறிக்கை வெளியிட்டது. அது உண்மைதான். ஒதுக்குவதற்குக்கூட அவள் அருகே ஆளில்லை.

இந்தச் சாதனையைக் கொண்டாட மன்னரே மைதானத்துக்கு வந்தார். பிள்ளைகளோடு ஊர் திரட்டப்பட்டு உட்காரவைக்கப்பட்டது. அமைச்சர் நாற்பது நிமிடம் பேசினார். நாற்பத்தோராவது நிமிடம், பூங்கோதையின் பக்கத்து வீட்டுச் சிறுமி வடிவு பாய்ந்து வந்து அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“அடியே, நீ அவுட்டு! குடை ஊர்வலம் போதும். எங்க, என்னைப் பிடி பார்ப்போம்!”

பூங்கோதை திகைத்தாள். அப்புறம் சிரித்தாள், சிரிப்பை அடக்க முடியாமலே துரத்தினாள். பிள்ளைகள் நாலாபக்கமும் சிதறினார்கள். குற்றவாளியைப் பிடிப்பதா, தாங்கள் அவுட்டாகாமல் தப்புவதா என்று புரியாமல் காவலர்களும் ஓடினார்கள். அமைச்சர் மேடையிலிருந்த மேசைக்கடியில் புகுந்தார். மேடையில் ஓடாமல் உட்கார்ந்திருந்தவர் மன்னர் மட்டுமே. பூங்கோதை அவர் முழங்காலைத் தொட்டாள்.

“ராசா அவுட்டு!”

மன்னர் கனிவோடு சொன்னார்: “எனக்கு அதெல்லாம் கிடையாது, குழந்தாய். மூன்று தேர்தலில் தோற்றேன், அவுட்டானேனா? நானும் கௌரவ ஆட்டக்காரன்தான்.”

அந்த முடிவுகளை மக்களுக்கு இன்னும் அறிவிக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மேசைக்கடியிலிருந்து இருமல் கேட்டது.

“அந்தக் கௌரவம் வேணாம்னுதானே ராசா நான் மனு கொடுத்தேன்?” என்றாள் பூங்கோதை. “எழுந்திரிங்க.”

மைதானத்தில் உட்கார்ந்திருந்த ஊரார் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். மரியாதைக்காக என்றுதான் மன்னர் முதலில் நினைத்தார்.