பூஜையில் வைத்த பூட்ஸ்

அன்று மெஸ் கொட்டகையில் இருந்தவர்கள்: நான், என் அறைத்தோழர்கள் தேவசகாயமும் ஏகாம்பரமும், விடுதிச் சமையல்காரர் ஆறுமுகம் அண்ணன். இல்லாதவர் ஒரே ஒருவர், முட்டி துரை. அவர் இல்லை என்பதால்தான் நாங்கள் உயிரோடு நின்றுகொண்டிருந்தோம். ஏனென்றால் அவருடைய பூட்ஸ் என் கையில் இருந்தது.

அந்த நாளில் தாம்பரத்தில் பாம்புக்குப் பயப்படாதவர்கள் உண்டு, பரீட்சைக்குப் பயப்படாதவர்கள்கூட ஓரிருவர் உண்டு. முட்டி துரைக்குப் பயப்படாத ஜீவன் பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை கிடையாது. எங்கள் மைதானத்தில் மேய வரும் எருமைகள் அவர் விசில் கேட்டதும் தண்டவாளத்தைத் தாண்டி ஓடும். ரயில் வந்தால் பரவாயில்லை என்பது அவற்றின் முடிவு.

அவர் ஸ்காட்லாந்துக்காரர். அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடியவர். எங்கள் விடுதிப் பையன்களுக்கு விளையாட்டு சொல்லித்தர ஒரு கிறிஸ்தவ சபை அவரைக் கப்பலேற்றி அனுப்பியிருந்தது. பந்து உதைத்தால் சம்பளம் தருவார்கள் என்பதை என் அப்பா இன்றுவரை நம்பவில்லை. அவர் திரிசூலத்தில் கல் உடைப்பவர். "கல்ல ஒட்ச்சாலே ஒயுங்கா கூலி குடுக்க மாட்டேன்றான். பந்த ஒதச்சதுக்கு எவன்டா குடுப்பான்?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கும் அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

துரை தமிழ் கற்றுக்கொண்டது எந்தப் பண்டிதரிடமும் இல்லை. ஆறுமுகம் அண்ணனிடம், அடுப்படியில். அதனால் ஆறடி மூன்று அங்குலச் செக்கச்செவேல் மனிதர் வாயைத் திறந்தால் கொத்தவால்சாவடிச் சந்தைப் பேச்சு வரும். பந்தைக் கண்டு யாராவது ஒதுங்கினால் போதும், "இன்னா மேன், பந்து உன்னிய கட்ச்சிருமா?" என்று கேட்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. அறைக்கு இழுத்துப்போய் பாட்டிலைக் காட்டுவார்.

அந்தப் பாட்டில்தான் அவருக்குப் பெயர் வைத்தது. ஒரு கோப்பைப் போட்டியின் அரையிறுதியில், பனி உறைந்த மைதானத்தில், எதிரணிக்காரன் ஒருவன் அவர் முழங்காலின் மேல் விழுந்தான். ஆஸ்பத்திரியில் முட்டிக்குள்ளிருந்து ஒரு சில்லை வெட்டி எடுத்தார்கள். அதை அவர் கேட்டு வாங்கி, ஸ்பிரிட் ஊற்றிய பாட்டிலில் போட்டு, கப்பலில் கூடவே கொண்டுவந்துவிட்டார். வெள்ளையாக, தேங்காய்ச் சில்லு மாதிரி மிதக்கும். "பாரு. இத்த குட்த்துட்டு கோல தட்த்தேன். நீ இன்னா குட்த்த?" என்பார். தேவசகாயம் அதைப் பார்த்த நாளிலிருந்து தேங்காய்ச் சட்னியைத் தொடுவதில்லை.

அவருடைய ஆட்ட வாழ்க்கை மொத்தமும் எங்களுக்கு மனப்பாடம். அவர் அப்பாவுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. அண்ணன்மார்களும் சுரங்கம். பூமிக்கு மேலேயே சம்பாதித்த முதல் ஆள் இவர்தான். எங்களால் உச்சரிக்க முடியாத ஒரு ஊர் அணிக்குப் பின்வரிசைத் தடுப்பாளராக ஏழு வருஷம் ஆடினார். அத்தனை வருஷத்தில் போட்டது ஒரே ஒரு கோல். அதுவும் சொந்த வலையில். "சூப்பர் கோலு மேன். எங்க கோல்கீப்பரு அப்பிடியே ஷாக்காயிட்டான்" என்று அதையும் பெருமையாகத்தான் சொல்வார். முட்டி போன பிறகு ஆட்டம் போனது. மிஞ்சியது அந்தப் பாட்டிலும், கடைசி ஆட்டத்தில் போட்டிருந்த பூட்ஸும்தான். பூட்ஸுக்கு வாராவாரம் விளக்கெண்ணெய் பூசிக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பார். எங்களுக்கோ வெறுங்கால் ஆட்டம்தான் பழக்கம். அதைக் கண்டால் அவருக்கு ஆகாது. "வெறுங்கால்ல ஆட்றது ஃபுட்பாலு இல்ல, மாடு தொரத்துறது" என்பார்.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று சாயங்காலம் ரயில்வே ஷெட் ஆட்களோடு ஆட்டம் முடிவாகியிருந்தது. எங்கள் தடுப்பாளன் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டான். துரை எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், சொன்னார்: "நானே ஆட்றேன்."

வழக்கமாக அவரைப் பார்த்துப் பயந்த நாங்கள், முதல்முறையாக அவருக்காகப் பயந்தோம். காரணம் தேவசகாயம் கொண்டுவந்த சேதி. போன மாதம் துரையை டாக்டரிடம் அழைத்துப் போனவன் அவன். இன்னொரு முழு ஆட்டம் ஆடினால் அந்த முட்டி திரும்பாது, ஆயுசுக்கும் ஊன்றுகோல்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். துரை சிரித்திருக்கிறார்.

"அதோட முடியாதுடா" என்றான் தேவசகாயம். அவன் அப்பா சபைப் பள்ளியில் வாத்தியார், உள்விஷயம் தெரியும். "மைதானத்துல நிக்க முடியாத ஆள சபை வெச்சிருக்காது. அடுத்த கப்பல்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

"அவுரு பூட்டார்னா?" என்று கேட்டான் ஏகாம்பரம். நியாயமாக அது சந்தோஷப்பட வேண்டிய கேள்வி. மூன்று பேரும் தலையைச் சேர்த்துக்கொண்டு வழி தேட உட்கார்ந்தோம்.

யோசனை ஏகாம்பரத்துடையது. ஆயுத பூஜையில் வைத்த பொருளை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. நாங்கள் புத்தகத்தை வைத்துவிட்டுப் படிக்காமல் திரிவது அந்தச் சட்டத்தில்தான். பூட்ஸைப் பூஜையில் வைத்துவிட்டால்? பூட்ஸ் இல்லாமல் துரை மைதானத்துக்குள் கால் வைக்கவே மாட்டாரே!

காலையில் அவர் மைதானத்தில் சுண்ணாம்புக்கோடு போடப் போனதும் நான்தான் அறைக்குள் நுழைந்தேன். கட்டிலுக்கடியில் கை விட்டபோது அலமாரியிலிருந்து பாட்டில் என்னையே பார்த்தது. பிடிபட்டால் விடுதியைவிட்டு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குக் கடிதம் போகும். அதைவிடக் கொடுமை, அந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக்காட்டவும் நான்தான் போக வேண்டும்.

கொட்டகையில் ஆறுமுகம் அண்ணன் அரிவாள்மணை, கரண்டி, அம்மி, தன் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். பூட்ஸைப் பார்த்ததும் குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"டேய்! செருப்ப எட்த்துகினு வந்து சாமி மின்னாடி வெக்கிறியா? இன்னாடா பேஜாரு இது!"

"செருப்பு இல்லண்ணா, ஆய்தம். உனுக்குக் கரண்டி, அவுருக்கு பூட்ஸு" என்றான் ஏகாம்பரம்.

"ரோட்ல போட்டுகினு நடந்துக்கிறாரா?"

"கிரவுண்ட்ல மட்டும்தாண்ணா."

அண்ணன் பூட்ஸை மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "சரி, வெய்யி. கரண்டி பக்கத்துல வெக்காத. சைக்கிள் பக்கத்துல வெய்யி."

சந்தனம், குங்குமம், செவ்வந்திப்பூ, கற்பூரம். பூட்ஸ் சைக்கிள் பக்கத்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அண்ணன் தேங்காய் உடைத்தபோது தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டான். ஜெபமா, சில்லின் ஞாபகமா என்று நான் கேட்கவில்லை.

ஆட்ட நேரம் நெருங்கியதும் விடுதி அதிர்ந்தது. "எவன்டா எம் பூட்ஸ எட்த்தவன்?" ஒவ்வொரு அறைக் கதவும் திறந்து அறைந்து சாத்தும் சத்தம் எங்களை நோக்கி வந்தது. நாங்கள் மூவரும் ஆறுமுகம் அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தோம். அண்ணன் ஒல்லி. ஏகாம்பரம் ஒருவனுக்கே போதவில்லை.

துரை கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். பொட்டும் பூவுமாக இருந்த பூட்ஸைப் பார்த்தார். குனிந்து கையை நீட்டினார்.

"தொடாத தொரை!" என்று அண்ணன் குறுக்கே பாய்ந்தார். "பூஜைல வெச்சிக்கீது. நாளிக்கிதான் எட்க்கணும். ரூலு."

கை அந்தரத்தில் நின்றது. "ரூலா?"

"ரூலு."

"ரெஃப்ரி யாரு?"

அண்ணன் கொஞ்சமும் தயங்கவில்லை. மாலை போட்ட படத்தைக் காட்டினார். "சாமி."

ஏழு வருஷ ஆட்டத்தில் எந்த நடுவரையும் எதிர்த்துப் பேசியதில்லை என்று பெருமைப்படுகிறவர் துரை. படத்தைப் பார்த்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என் முறை வந்தபோது என் மனசுக்குள் கடிதம் பாதி எழுதியாயிற்று. துரை வாசற்படியில் உட்கார்ந்து போட்டிருந்த ஷூவைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். தாம்பரம் அதுவரை பார்த்திராத இரண்டு வெள்ளைவெளேர் பாதங்கள் வெளியே வந்தன.

"மாடு தொரத்தலாம் வா மேன்" என்றார்.

எங்கள் சாமர்த்தியம் இப்படித் திரும்பும் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை. பூட்ஸோடு ஆடினால் முட்டி மட்டும்தான் போகும். இப்போது முழுக்காலும் போகப்போகிறது!

ஷெட் ஆட்கள் நெற்றியில் சந்தனத்தோடு வந்திருந்தார்கள். அவர்களுடைய முன்வரிசை ஆள் எஞ்சினுக்கு அண்ணன் மாதிரி இருந்தான். துரை சுடுமணலில் நின்று "ஊ, ஆ" என்று ஒவ்வொரு காலாகத் தூக்கினார். கூட்டம் சிரித்தது. ஒரு நெருஞ்சிமுள்ளைப் பிடுங்கி, ஷெட் ஆட்கள்தான் போட்டார்களா என்று நடுவரிடம் பணிவாக விசாரித்தார். இரண்டு தரப்பும் கோல் போடவில்லை. நாங்கள் பந்தைப் பார்க்கவே இல்லை, முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசி நிமிஷத்தில் எஞ்சின் தனியாகப் பந்தோடு வந்தது. எதிரே துரை மட்டும். "வேணாம் சார்! உடுங்க சார்!" என்று ஏகாம்பரம் தன் அணிக்கு விரோதமாகவே அலறினான். துரை பாய்ந்தார். புழுதி எழுந்தது. பந்து வெளியே போனது, விசில் ஊதியது, ஆட்டம் முடிந்தது. துரை எழுந்திருக்கவில்லை.

ரிக்‌ஷாவில் ஏற்றியபோது தேவசகாயம் வாய்விட்டு அழுதான். அடுத்த கப்பல் எப்போது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் முட்டியை மடக்கினார், நீட்டினார், இன்னொருமுறை மடக்கினார். "முட்டிக்கு ஒண்ணுமில்ல. கட்டைவிரல் நகம்தான் பேந்துடுச்சு" என்றார். பூட்ஸ் போட்டிருந்தால் அதன் அடி ஆணி தரையில் மாட்டியிருக்கும், உடம்பு திரும்பும்போது முட்டி அங்கேயே முறிந்திருக்கும். வெறுங்கால் வழுக்கிக்கொண்டு போனதால் பிழைத்தார் என்று விளக்கினார். "யார் ஐடியா இது?" என்று கேட்டார். நாங்கள் மூவரும் சுவரில் இருந்த கண் பரிசோதனை எழுத்துகளைக் கவனமாகப் படித்தோம்.

துரை தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பாதத்தைப் பார்த்தார். "இத்தினி வர்சமா இதுலயா மேன் ஆட்றீங்கோ?" என்றார். அந்தக் குரலை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. கேட்டுக் கால் கூசியது.

மறுநாள் கொட்டகைக்கு வந்து, அண்ணனிடம் முறையாக அனுமதி வாங்கி, பூட்ஸை எடுத்துப்போனார். அதன் நெற்றியில் இருந்த பொட்டை அவர் துடைக்கவில்லை. நாங்கள் விடுதியைவிட்டு வெளியேறிய நாளிலும் துரை மைதானத்தில்தான் நின்றார். புதுப் பையன்கள் அலறிக்கொண்டிருந்தார்கள். அலமாரியில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. இரண்டாவதில் நகம்.

கட்டுத்துணி, டிங்சர், ரிக்‌ஷா, டாக்டர் பீஸ், தேங்காயில் எங்கள் பங்கு: முட்டி துரையைக் கப்பலேற்றாமல் தாம்பரத்திலேயே வைத்துக்கொள்ள எங்கள் மூவருக்கும் ஆன மொத்தச் செலவு, ஒன்பது ரூபாய் நாற்பது காசு.